படம் 3ஆ

இரண்டாவது மதிப்பாய்வாளருக்குப்
பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.
பெரியாஸ்பத்திரி, தோல்பிரிவு, மதியம் இரண்டரை.
வெளிநோயாளிகள் சீட்டு முடிந்துவிட்டது.
மின்விசிறி சுற்றுக்கு ஒருமுறை இருமுகிறது.

முதல் கேள்வி:
'குறைந்த செலவு' என்கிறீர்கள், வரையறுக்கவும்.
இருபது மில்லி சிரிஞ்சு இரண்டு,
மூவழிக் குழாய் ஒன்று, பஞ்சு, பிளாஸ்திரி,
நூற்றுச் சொச்சம் ரூபாய் என்று எழுதினேன்.
உசிலம்பட்டியிலிருந்து வந்துபோன பஸ் காசையும்
பூவெடுக்கப் போகாத நாள்களின் கூலியையும்
எந்த அட்டவணையில் போடுவதென்று தெரியாமல்
அடிக்குறிப்பில் போட்டேன்.
ஜெபராணி அதை எடுத்துவிட்டாள்.
"வார்த்தை எல்லை தாண்டுது சார்."

இரண்டாவது:
நாற்பத்தொரு பேரில் மூவர்
தொடர்கண்காணிப்பில் இழக்கப்பட்டனர். ஏன்?
ஒருவன் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான்.
ஒருத்திக்குக் கல்யாணமாகிவிட்டது;
எங்கள் கணக்கில் அது வெற்றியா தோல்வியா, தெரியாது.
மூன்றாமவரின் எண்ணை
ஒரு டயர்க்கடைக்காரர் எடுக்கிறார்.
ஒவ்வொரு முறையும், கோபப்படாமல்,
"அவர் இல்லீங்க சார்" என்கிறார்.
'இழக்கப்பட்டனர்' என்றே விட்டுவிட்டேன்.

மூன்றாவதுதான் சிக்கல்.
படம் 3ஆ: நோயாளியின் கண்களை மறைக்கவும்.

கறுப்புப் பட்டை போட்டுப் பார்த்தோம்.
இமையில்தான் வெள்ளை இருந்தது.
இமையில்தான் ஒட்டினோம்.
பட்டைக்கு மேலே புருவம்,
கீழே மூக்கு,
நடுவில் எங்கள் எட்டு மாதம்
தார் போட்ட ரோடு மாதிரி.

மறைக்காமல் அச்சிடத் தனி ஒப்புதல் வேண்டும்.
அசல் கையெழுத்து.
ஞாயிற்றுக்கிழமை படிவத்தோடு பஸ் ஏறினேன்.

ஒச்சம்மா பூ எடைபோடும் கொட்டகையில் இருந்தாள்.
ஈரச் சாக்குக்குள் மொட்டுகள்.
கூப்பிட்டதும் திரும்பியவளிடம்
இடது இமையை முதலில் பார்த்தேன்,
பிறகுதான் முகத்தை.
"தொடைத்தோலு சார் இது.
பொறந்ததுலருந்து வெயிலே பாக்காதது.
இப்ப எனக்கு முந்தி அதுதான் பாக்குது."

பட்டை போட்ட படத்தைக் காட்டினேன்.
"என்ன சார், நகை திருடுனவ கணக்கா?"
"பட்டை வேணாம்னா இதுல கையெழுத்து போடணும்."
"யாரு பாப்பாங்க?"
"வெளிநாட்டு டாக்டருங்க."
"சும்மாவா?"
கட்டுரை ஒன்றுக்கு முப்பத்தொன்பது டாலர் என்றேன்.
தராசுக்காரரிடம் கணக்குக் கேட்டாள்.
மூவாயிரத்துச் சொச்சம்.
"பொண்ணு பாக்க வந்தவங்கெ
பஜ்ஜியும் தின்னுட்டு
சும்மா பாத்துட்டுப் போனாங்கெ" என்று
கொட்டகையே சிரிக்கச் சிரிக்கக் கையெழுத்திட்டாள்,
மூன்று பிரதியிலும்,
யாரும் கேட்காத தகப்பன் பெயரையும் சேர்த்து.

"எம் பேரு வருமா அதுல?"
வராது என்றேன்.
மற்றவர்கள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.
பேனாவைக் கொஞ்சம் தாமதித்துத் தந்தாள்.

கட்டுரையில் ஆறு பெயர்கள் இருக்கின்றன.
ஆறில் ஒருவர்
அந்த இமையை இதுவரை பார்த்ததில்லை;
ஆனாலும் அவர் பெயர்தான் கடைசியில்,
கௌரவமான இடத்தில்.
அதைப் பற்றி மதிப்பாய்வாளர் எதுவும் கேட்கவில்லை.

நான்காவதாகக் கேட்டிருப்பது:
'மல்லிகை பறிப்பவர்' என்ற தொழில் விவரம்
ஆய்வுக்குத் தொடர்பற்றது, நீக்கலாம்.

ஜெபராணி நீக்கப் போனாள். இரு என்றேன்.

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மா,
தொடர்பு உண்டு.
நோயாளி விடியலிலிருந்து பத்து மணிவரை
செடிகளுக்கு நடுவே நிற்கிறார்.
ஒட்டிய தோல் நிறம்பிடித்ததில்
எங்கள் கை எவ்வளவு,
வெயிலின் கை எவ்வளவு என்று
பிரித்துச் சொல்ல முடியவில்லை.
இதை எங்கள் ஆய்வின் குறைபாடுகளில்
முதலாவதாகச் சேர்த்திருக்கிறோம்.